கூட்டைத் திறந்துவிட்டால் போதுமா?

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள். முடிந்தால் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

போன வருடம் எங்கள் வகுப்புப் பிள்ளை ஒருவர் வீட்டில் கிளி வளர்த்தார். ஷெல் விழுந்து வட்டுப் போன மொட்டைப்பனை ஒன்றின் பொந்திலிருந்து எடுத்த குஞ்சு. கண் திறக்காத நாளிலிருந்து சோறும் பயறும் வாழைப்பழமும் கையாலேயே ஊட்டி வளர்த்தார். ஒருநாள் வகுப்பில், "பறவைக்கு வானம்தான் வீடு. கூட்டில் அடைத்து வைக்கலாமா?" என்று நாங்கள் கேட்டுவிட்டோம். பிள்ளை அன்று பின்னேரமே கூட்டைத் திறந்துவிட்டார். கிளி பறந்தது. மறுநாள் பக்கத்து வளவில் ஆட்களின் குரல் கேட்டதும், சாப்பாடு தருவார்கள் என்று நினைத்து நிலத்தில் இறங்கியது. பூனை கொண்டுபோய்விட்டது.

"சேர், நீங்கள் சொன்னபடிதானே செய்தனான்?"

இந்தக் கேள்விக்கு அன்று எங்களிடம் பதில் இருக்கவில்லை. நல்லது சொல்கிறோம் என்று நினைத்துத்தான் சொன்னோம். ஆனால் பாதியைத்தான் சொல்லியிருந்தோம். மற்றப் பாதியைத் தேடப்போய், கிளியில் தொடங்கிய கேள்வி யானையில் வந்து நின்றது. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறோம்.

எங்கள் குடாநாட்டில் இன்று காட்டு யானை இல்லை. ஆனால் ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். ஆனையிறவு, ஆனைக்கோட்டை, ஆனைப்பந்தி. கிளிநொச்சிப் பக்கம் போனால் ஆனைவிழுந்தான். பந்தி என்றால் மிருகங்களைக் கட்டும் இடம். யானை நடந்த வழியும் கட்டின இடமும் விழுந்த இடமும் பெயராக நிற்கின்றன. யானை திரும்பிப் போன இடம் என்று ஒரு பெயர் இந்தப் பட்டியலில் இல்லை. ஏனென்றால் பல நூறு வருடங்களாக எங்கள் பக்கத்தில் யானைக்கு ஒரு வழிப் பாதைதான் இருந்தது. காட்டிலிருந்து பந்திக்கு, பந்தியிலிருந்து கப்பலுக்கு.

1344ஆம் ஆண்டு இப்னு பதூதா இலங்கைக்கு வந்தபோது யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். அந்த அரசர் கொடுத்த பல்லக்கோடும் ஆட்களோடும்தான் பாவா ஆதம் மலைக்குப் போனார். அந்தப் பயணத்தை எழுதும்போது பழைய கதை ஒன்றையும் சொல்கிறார். ஷீராஸ் நகரத்துப் பெரியார் இப்னு கஃபீஃப், சீடர்களோடு இதே மலைக்கு வந்தாராம். காட்டில் பசி தாங்க முடியாமல் சீடர்கள் யானைக்குட்டி ஒன்றைப் பிடித்து அறுத்துச் சாப்பிட்டார்கள். வேண்டாம் என்று தடுத்த பெரியார் மட்டும் தொடவில்லை. இரவில் யானைகள் வந்தன. ஒவ்வொருவராக மோந்து பார்த்துக் கொன்றன. பெரியாரையும் மோந்து பார்த்தன. ஆனால் கொல்லாமல், முதுகில் ஏற்றி மனிதர் வாழும் இடத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டன என்கிறது கதை.

நடந்ததோ இல்லையோ, அதை முதலில் சொன்னவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கிறது. யானைக் கூட்டத்துக்குத் தன் குட்டி யார் என்று தெரியும், இழந்ததை அது மறக்காது.

வணிகர்களுக்கும் அரசர்களுக்கும் அந்தக் கவலை இருக்கவில்லை. வன்னி வன்னிமைகள் யாழ்ப்பாணத்துக்கு யானையைத் திறையாகக் கொடுத்தார்கள். போர்த்துக்கேயர் வந்தார்கள். ஊர்காவற்றுறையை அவர்கள் அழைத்த பெயருக்கு யானைகளின் இறங்குதுறை என்று அர்த்தம். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தரும் அதே வியாபாரத்தைத் தொடர்ந்தார்கள். வன்னியில் பிடித்த யானைகள் ஆனையிறவுப் பக்கத்தால் குடாநாட்டுக்குள் வந்தன. இந்தியாவிலிருந்து வந்த வணிகர்கள் வாங்கிக் கப்பலில் ஏற்றினார்கள்.

இதில் எங்கள் பங்கையும் மறைக்கக் கூடாது. 1845 முதல் 1850 வரை இங்கே குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் ரெனன்ற், 1859இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் பணிக்கர்களைப் புகழ்ந்து எழுதுகிறார். யானை பிடிப்பதில் நாட்டிலேயே கெட்டிக்காரர்களான அவர்கள் வட பகுதிகளின் சோனகக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள் என்கிறார். தோலால் திரித்த கயிற்றில் ஒரு சுருக்கு. இரண்டு பேர் சத்தமில்லாமல் பின்னால் போய், யானை காலைத் தூக்கும் நேரம் பார்த்துச் சுருக்கைப் போட்டு, மறுமுனையை மரத்தில் கட்டிவிடுவார்கள். துவக்கு இல்லை, வேலி இல்லை. எவ்வளவு துணிச்சல் வேண்டும், யானையின் குணம் எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் அத்தனை அறிவும் பிடிப்பதற்கான அறிவுதான். பிடித்ததை எப்படித் திரும்ப விடுவது என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை, காடு நிறைய யானை இருந்தது.

பிறகு வந்த காலம் இன்னும் மோசம். வெள்ளைக்காரர் ஆட்சியில் யானை பயிரை அழிக்கும் மிருகம் என்று கணக்கிடப்பட்டு, கொன்றவருக்கு அரசாங்கம் பணம் கொடுத்தது. 1848க்கு முந்திய மூன்று வருடத்துக்கும் குறைந்த காலத்தில், வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகளுக்கு இப்படிப் பணம் பெறப்பட்டது என்று அதே ரெனன்ற் எழுதுகிறார். அன்றைய வட மாகாணம் இன்றையதை விடப் பெரியது, அனுராதபுரப் பக்கமும் அதற்குள் அடங்கும். அப்படியென்றாலும் 3,500 என்பது சின்ன எண் அல்ல. அந்தத் தாய்களின் குட்டிகளுக்கு என்ன நடந்தது என்று யாரும் கணக்கு வைக்கவில்லை.

குட்டிகளைப் பற்றி அரசாங்கம் யோசிக்கத் தொடங்கியது மிகப் பிந்தித்தான். 1975இல் வனஜீவராசிகள் திணைக்களம் தாயை இழந்த குட்டிகளுக்கென்று ஓர் இல்லத்தைத் தொடங்கியது. அதுதான் எல்லாருக்கும் தெரிந்த பின்னவல. ஆயிரக்கணக்கான சுற்றுலாப் பயணிகள் போகிறார்கள், ஆற்றில் குளிப்பதைப் பார்க்கிறார்கள். 1984இல் அங்கேயே குட்டியும் பிறந்தது. யானைகள் பிழைத்தன என்பது உண்மை, நல்ல விஷயம். ஆனால் பின்னவலக் குட்டி பெரிதாகி பின்னவலவிலேயே நின்றது, இல்லாவிட்டால் ஒரு கோவிலுக்கோ மிருகக்காட்சிச் சாலைக்கோ போனது. காட்டுக்குப் போகவில்லை. மனிதர் கையில் வளர்ந்த மிருகம் இனி மனிதருடையதுதான் என்பதே அன்றைய எண்ணம்.

அந்த எண்ணத்தை உலகத்தில் முதலில் பெரிதாக அசைத்தது ஒரு சிங்கக்குட்டி. 1956இல் கென்யாவில் வனவிலங்கு அதிகாரி ஜோர்ஜ் அடம்சன், தன்மேல் பாய்ந்த பெண்சிங்கத்தைச் சுட்டார். பிறகுதான் மூன்று குட்டிகள் இருப்பது தெரிந்தது. இரண்டு குட்டிகள் நெதர்லாந்தின் ரொட்டர்டாம் மிருகக்காட்சிச் சாலைக்குப் போயின. எல்சா என்ற மூன்றாவது குட்டியை அவரும் மனைவி ஜோய் அடம்சனும் வளர்த்தார்கள். பிறகு காட்டில் விட முடிவெடுத்தார்கள். முதலில் கொண்டுபோன இடம் சரிவரவில்லை, எல்சா நோயில் விழுந்தது. வேறு இடத்துக்குக் கொண்டுபோய், வேட்டையாடப் பழக்கி, மாதக்கணக்காகப் பக்கத்திலேயே கூடாரம் போட்டு இருந்தார்கள். கடைசியில் எல்சா காட்டுச் சிங்கத்தோடு சேர்ந்து மூன்று குட்டிகள் ஈன்றது. 1961 ஜனவரியில் உண்ணியால் வரும் நோயில் இறந்தது.

ஜோய் அடம்சன் எழுதிய புத்தகம் 1960இல் வந்தது, படம் 1966இல் வந்தது. அதில் நடித்த வேர்ஜினியா மக்கென்னாவும் பில் ட்ரவர்ஸும் பின்னர் 'போர்ன் ஃப்ரீ' என்ற விலங்கு நல அமைப்பை உருவாக்கினார்கள். அந்த அமைப்பு உதவி செய்யும் இடங்களில் ஒன்று எங்கள் நாட்டு உடவளவையில் இருக்கிறது.

ஆசிரியர் கலாசாலையில் படித்த காலத்தில் நாங்கள் உடவளவைக்குப் போனோம். அங்குள்ள தேசியப் பூங்காவுக்கே ஒரு கதை உண்டு. வளவை கங்கையை மறித்து நீர்த்தேக்கம் கட்டியபோது இடம்பெயர்ந்த காட்டு விலங்குகளுக்காக 1972இல் அமைத்த பூங்கா அது. அந்த நீர்த்தேக்கத்தின் கரையில்தான் 1995இல் வனஜீவராசிகள் திணைக்களம் யானைக்குட்டிகளுக்கான இல்லத்தைத் தொடங்கியது. இல்லத்தின் பெயரைத் தமிழில் சொன்னால் 'யானைகள் இடைத்தங்கல் முகாம்'.

அந்தச் சொல்லைக் கேட்டதும் பஸ்ஸில் இருந்த எங்களில் பலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். இடைத்தங்கல் முகாம் என்றால் என்ன என்று எங்கள் தலைமுறைக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

உள்ளே தாயை இழந்த குட்டிகள். வயலில் துவக்குச் சூட்டில் தாய் செத்திருக்கும். கிணற்றிலோ குழியிலோ குட்டி விழுந்திருக்கும். பட்டாசு போட்டு விரட்டியபோது கூட்டத்தைத் தவற விட்டிருக்கும். மூன்று மணித்தியாலத்துக்கு ஒருதரம், இரவும் பகலும் பால் கொடுக்கிறார்கள். புனலில் பாலை ஊற்றி, குழாயைக் குட்டியின் வாயில் வைக்கிறார்கள். குடித்து முடிந்ததும் குட்டி போய்விட வேண்டும். தடவிக்கொடுப்பது இல்லை, விளையாட்டுக் காட்டுவது இல்லை. பார்க்க வந்த நாங்கள் தூரத்து மேடையில்தான் நின்றோம். தொட முடியாது, சாப்பாடு கொடுக்க முடியாது, பக்கத்தில் நின்று படம் எடுக்க முடியாது. "இவ்வளவு தூரம் வந்து இதுதானா?" என்று எங்களுக்குள்ளேயே முணுமுணுப்பு வந்தது. பால் நேரம் தவிர மற்ற நேரம் குட்டிகள் ஒன்றாகச் சேர்ந்து பூங்காவுக்குள் மேய்கின்றன, நீர்த்தேக்கத்தில் குளிக்கின்றன.

அன்று எங்களுக்கு அது கல்நெஞ்சு போலத் தெரிந்தது. இப்போதுதான் விளங்குகிறது. அந்தக் குட்டி வந்த முதல் நாளிலேயே அது போகப்போகும் நாளையும் யோசித்துத்தான் பால் கொடுக்கிறார்கள். மனிதரைக் கண்டு ஓடிவரப் பழகிய யானை நாளைக்கு ஒரு தோட்டத்துக்குள் ஓடிவரும். அங்கே அதற்குக் கிடைப்பது பால் அல்ல, வெடி.

1998இல் முதல் தொகுதிக் குட்டிகளைக் காட்டில் விட்டார்கள். இன்றுவரை நூற்றுக்கு மேல் போய்விட்டன. பால் மறந்து, தானாக மேய்ந்து வாழும் வயது வந்த பிறகுதான் விடுகிறார்கள். தனியாக விடுவதில்லை. முகாமில் ஒன்றாக வளர்ந்து ஒன்றுக்கொன்று பழகியவற்றைச் சேர்த்து விடுகிறார்கள். சிலவற்றின் கழுத்தில் வானொலிப் பட்டி கட்டி, எங்கே போகின்றன, என்ன பாடுபடுகின்றன என்று பின்னால் திரிந்து பார்க்கிறார்கள். சில காட்டுக் கூட்டங்களோடு சேர்ந்துவிட்டன. விட்ட பெண் யானைகள் சில காட்டிலேயே குட்டி ஈன்றிருக்கின்றன. புனலில் பால் குடித்து வளர்ந்த ஒன்று தன் குட்டிக்குத் தானே பால் கொடுக்கிறது.

எல்லாம் வெற்றி என்று சொல்ல வரவில்லை. விடுவதற்கு முதலில் காடு வேண்டும். 2022, 2023 ஆகிய இரண்டு வருடங்களிலும் இலங்கையில் இறந்த யானைகளின் எண்ணிக்கை வருடத்துக்கு 400ஐத் தாண்டியது. முகாம் ஒரு பக்கத்தால் குட்டிகளை அனுப்ப, மறுபக்கத்தால் புதுக் குட்டிகள் வந்துகொண்டே இருக்கின்றன. உடவளவைப் பூங்காவின் மின்வேலி ஓரமாகப் போகும் வீதியில் யானைகள் வந்து நிற்கும், வாகனத்தில் போகிறவர்கள் வாழைப்பழம் நீட்டுவார்கள். உள்ளே தூர நின்று வளர்க்கப் பாடுபடுகிறார்கள், வெளியே நாங்கள் பழம் கொடுத்துக் கெடுக்கிறோம்.

தமிழ்நாட்டிலும் இதே பாடத்தைப் படித்திருக்கிறார்கள். முதுமலைப் பக்கம் வாழைத்தோட்டத்தில் ரிவால்டோ என்ற காட்டு யானை. தும்பிக்கையில் காயம் பட்டது. ஆட்கள் இரக்கப்பட்டுச் சாப்பாடு கொடுத்தார்கள். அது வீடுகளைத் தேடி வரப் பழகிவிட்டது. 2021 மே மாதம் வனத்துறை அதைப் பிடித்து மரக்கூண்டில் அடைத்தது. பிறகு முடிவை மாற்றி, ஓகஸ்ட் 2ஆம் திகதி தூரத்துக் காட்டில் கொண்டுபோய் விட்டது. ஏறக்குறைய 40 கிலோமீற்றர் நடந்து, ஓரிரு நாளில் யானை பழைய இடத்துக்கே வந்துவிட்டது. ஆனால் இந்த முறை அதைத் திரும்பப் பிடிக்கவில்லை. யாரும் சாப்பாடு கொடுக்காமல் காவல் போட்டார்கள். மாற வேண்டியது யானை நிற்கும் இடம் அல்ல, ஆட்களின் பழக்கம் என்பதைக் கண்டுகொண்டார்கள்.

இங்கே எங்கள் சொந்தக் கதையையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மனிதரை மிருகத்தோடு ஒப்பிடுவதாக யாரும் நினைக்க வேண்டாம். 1990 ஒக்ரோபர் 30இல் யாழ்ப்பாணத்துச் சோனகர்கள் இரண்டு மணித்தியாலத்தில் ஊரை விட்டுப் போக நேர்ந்தபோது, நாங்கள் உம்மாவின் இடுப்பில் இருந்த பிள்ளைகள். வளர்ந்தது புத்தளத்தில். ஐந்து வருடம் கழித்து, அதே ஒக்ரோபர் 30இல் வலிகாமம் முழுவதும் நடந்து வெளியேறியது. வடமராட்சியும் 1987இல் பட்டது. ஆகவே இந்தப் பதிவை வாசிக்கும் எல்லாருக்கும் திரும்பி வருவது என்றால் என்ன என்று தெரியும். யுத்தம் முடிந்ததும், "பாதை திறந்துவிட்டது, இனிப் போகலாம்தானே?" என்று எங்களிடம் சொன்னார்கள். வந்து பார்த்தால் கூரை இல்லை, கதவு நிலை இல்லை, தொழில் இல்லை, பக்கத்து வீட்டில் தெரிந்த முகம் இல்லை. பலர் திரும்பவும் புத்தளம் போனார்கள். நின்றவர்கள் நின்றது பாதை திறந்ததால் மட்டும் அல்ல. அயலவர் ஒருவர் வந்து, "எப்ப வந்தனீங்கள்? தண்ணி வேணுமெண்டால் எங்கட கிணத்தில அள்ளுங்கோ" என்று சொன்னதாலும்தான்.

இதெல்லாம் தெரிந்திருந்தும், ஒரு பிள்ளையிடம் "கூட்டைத் திறந்துவிடு" என்று மட்டும் சொல்லிவிட்டோமே என்பதுதான் எங்கள் மனக்கவலை.

இப்போது அந்தக் கிளிக்கு வருவோம். முதல் பிழை பொந்தில் கைவிட்டது. நபி (ஸல்) அவர்களின் தோழர்கள் ஒரு பயணத்தில் பறவைக் குஞ்சுகளை எடுத்தபோது தாய்ப்பறவை சிறகடித்துத் தவித்தது என்றும், குஞ்சுகளைத் தாயிடமே கொடுக்கும்படி நபியவர்கள் சொன்னார்கள் என்றும் ஹதீஸில் வருகிறது. எடுத்த உடனே திருப்பிக் கொடுத்தால் அது மிகச் சுலபமான வேலை. ஒரு வாரம் கழித்துக் கடினம். கையால் தின்று பழகிய பிறகு மிகக் கடினம்.

இரண்டாவது பிழை எங்களுடையது. பழக்காமல் விடச் சொன்னது. அந்தக் கிளியை விடத்தான் வேண்டும் என்றால் கை ஊட்டலை மெல்ல மெல்ல நிறுத்தியிருக்க வேண்டும். வேப்பம்பழமும் காட்டுக்காய்களும் கொப்போடு வைத்து, தானே கொத்தித் தின்னப் பழக்கியிருக்க வேண்டும். பெரிய கூட்டில் சிறகைப் பலப்படுத்தி, மற்றக் கிளிகளின் சத்தம் கேட்கும் இடத்தில் வைத்து, பூனையும் நாயும் இல்லாத பக்கம் பார்த்து விட்டிருக்க வேண்டும். விட்ட பிறகும் பல நாள் கவனித்திருக்க வேண்டும். அப்படியும் சில பிராணிகளால் திரும்பிப் போக முடியாது. அதைக் கடைசிவரை நல்லபடி வைத்துப் பராமரிப்பது வளர்த்தவரின் கடமை. பூனையைக் கட்டிவைத்து, தானும் தீன் போடாமல், வெளியில் போய்த் தேடித் தின்னவும் விடாத பெண்ணைப் பற்றிய ஹதீஸை எங்கள் மத்ரஸாப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். அவளுடைய குற்றத்துக்கு இரண்டு பக்கம் உண்டு. இவ்வளவு நாளும் நாங்கள் ஒரு பக்கத்தைத்தான் படிப்பித்து வந்தோம்.

இந்த வருடம் கிளிகள் திரும்பவும் அந்த மொட்டைப்பனைப் பொந்துக்கு வந்திருக்கின்றன. போன மாதம் குஞ்சு ஒன்று அடியில் விழுந்து கிடந்தது. கண்டது அதே பிள்ளைதான். வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. எங்களுக்கு அறிவித்தார். அவருடைய மாமா ஏணி வைத்து ஏறிப் பொந்துக்குள் வைத்தார். நாங்கள் எல்லாரும் தூரப் போய் வேலியோரம் நின்றோம். அரைமணி நேரத்துக்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தாய் வந்து பொந்து வாசலில் இருந்து தலையைச் சரித்துப் பார்த்துவிட்டு உள்ளே போனது. பிள்ளை ஒன்றும் கதைக்கவில்லை. நாங்களும் கதைக்கவில்லை.

ஊரவர்களிடம் இரண்டு கோரிக்கை. பட்டுப்போன மொட்டைப்பனைகள் ஆட்களுக்கும் வீட்டுக்கும் ஆபத்தில்லாத இடத்தில் நின்றால் தறிக்காமல் விடுங்கள். எத்தனையோ குடும்பம் அதில் இருக்கிறது. பிள்ளைகள் குஞ்சு எடுத்து வந்தால் ஏசாமல், அன்றைக்கே கூட்டிக்கொண்டு போய்த் திரும்ப வைக்க உதவுங்கள்.

அந்தக் காலத்தில் மான்குட்டி, மரநாய், அணில்பிள்ளை என்று வளர்த்துக் காட்டில் விட்ட பெரியவர்கள் எங்கள் ஊரில் இருப்பீர்கள். எப்படி விட்டீர்கள், அது திரும்பி வந்ததா, தங்கியதா என்று எழுதுங்கள். எழுத வசதியில்லை என்றால் பள்ளிக்கூடம் விடும் நேரம் வந்து சொல்லுங்கள். பிள்ளைகள் கொப்பியில் எழுதி வைப்பார்கள்.